ஆட்டின் வயிற்றுக்குள் இரண்டு குட்டிகள்

எங்கள் பள்ளியில் ஓவியத்துக்கு இன்னொரு பெயர் உண்டு: வாயை மூடிக்கொண்டிருப்பது.

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை 31 பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ வங்கிக்கோ போய்விட்டால் ஒரே ஆள். நான்காம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தும்போது ஒன்றும் இரண்டும் கத்தாமல் இருக்க வேண்டுமே! “எல்லோரும் படம் வரையுங்கள், சத்தம் வரக் கூடாது.” இந்த 22 வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை இதைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. வரைந்து கொண்டுவந்தால் ஒரு டிக், அதன் கீழே ‘நன்று’. பார்க்காமலேயே போட்ட ‘நன்று’தான் அதிகம்.

அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்களை இந்த வாரம் முழுக்க நண்பர்கள் பகிர்கிறார்கள். மகிழ்ச்சிதான், நானும் விருப்பக்குறி போட்டேன். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பது பற்றி வெகுநாளாக மனத்தில் கிடப்பதை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

ஆறேழு வருடங்களுக்கு முன்பு இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஆடு வரைந்துகொண்டு வந்தான். உடம்பு ஒரு பெரிய முட்டை. நான்கு கால்களும் சீப்புப் பல் மாதிரி ஒரே வரிசையில். முட்டைக்குள்ளே இன்னும் இரண்டு சின்ன முட்டைகள், அவற்றுக்கும் நான்கு நான்கு கால்கள். “என்ன தம்பி, ஆட்டுக்கு வயிறு திறந்தா கிடக்கும்?” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “உள்ளே இரண்டு குட்டி இருக்கிறது டீச்சர். அப்பாயி தடவிப் பார்த்துச் சொன்னார்கள்.”

அதோடு விட்டிருக்கலாம். சிவப்புப் பேனாவை எடுத்து, அவன் ஆட்டுக்குப் பக்கத்திலேயே ‘சரியான’ ஆடு ஒன்றை வரைந்து கொடுத்தேன். கொம்பு, தாடி, குளம்பு என்று ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கொஞ்சம் கை வரும், அந்தப் பெருமை வேறு. அடுத்த வாரம் அவன் நோட்டில் இருந்தது என் ஆடு. அதற்கடுத்த வாரமும் அதே ஆடு. மாடு வரையச் சொன்னபோது, தாடியை மட்டும் எடுத்துவிட்ட என் ஆடு. தீபாவளி விடுமுறை முடிந்து வந்தவன் நோட்டையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினான். “நீங்களே வரைந்து கொடுங்கள் டீச்சர், நான் கலர் மட்டும் அடித்துக்கொள்கிறேன்.”

அந்தக் குட்டிகள் இருந்த பக்கத்தை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் போகவில்லை.

2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்ததிலிருந்து, தமிழ் வாசிப்பில் எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எது மலர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வரைவதிலும் அப்படிப் படிநிலைகள் உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் 1947-லேயே இதை விரிவாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வயதையொட்டிக் கிறுக்கல். நான்கு வயதில் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர்கள். ஏழு வயதுவாக்கில் தாளின் அடியில் தரை என்று ஒரு கோடு விழுகிறது. அதன்மேல் வீடு, மரம், அப்பா, நாய் எல்லாம் பஸ்ஸுக்கு நிற்பதுபோல வரிசையாக நிற்கின்றன. வானம் உச்சியில் ஒரு நீலப் பட்டை, நடுவில் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதை வெளியே தெரிகிற மாதிரி வரைவதும் இந்த வயதில்தான். சுவர் வழியாக அடுப்படி தெரியும், பஸ்ஸின் தகரம் வழியாக ஓட்டுநரின் கால் தெரியும். நாம் கண்ணுக்குத் தெரிவதை வரைகிறோம், குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு இப்போதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது.

ஆக, அந்தப் பையன் செய்தது பிழையே இல்லை. அவன் வயதுக்கு அவன் மலர். இறக்கிவிட்டது நான்.

இதே லோவன்ஃபெல்ட், அச்சடித்த படத்துக்குக் கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிக்கச் சொல்லும் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்தவர். நம் நர்சரிப் பள்ளிகளில் எல்.கே.ஜி. புத்தகப் பட்டியலில் அந்தப் புத்தகம் இல்லாமல் இருக்கிறதா, பாருங்கள். ‘கோட்டுக்கு வெளியே போகாமல் எவ்வளவு அழகாக அடிக்கிறாள்’ என்று பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். அந்தக் கோடு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை.

பிறகு அந்த மலைகள். இரண்டு முக்கோணம், நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கு டிக் குறி. அவை பறவைகளாம். நான் இருப்பது காவிரிப் படுகையின் கடைமடை. எங்கள் ஊரில் நின்று நான்கு திசையும் சுற்றிப் பார்த்தாலும் மலை கிடையாது. உயரமானது என்றால் கோயில் கோபுரம், அதற்கடுத்து செல்பேசிக் கோபுரம். மலையை நேரில் பார்க்காத பிள்ளைகள் ‘இயற்கைக் காட்சி’ என்றதும் மலையை வரைகிறார்கள். வாசலில் ஓடும் வாய்க்காலும் ஆகாயத்தாமரையும் அவர்களுக்கு இயற்கையில் சேர்த்தி இல்லை. அண்ணன் நோட்டிலிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு என்று அந்த மலை கைமாறி வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

அதனால்தான் ‘குழந்தைகளைச் சுதந்திரமாக விடுங்கள், கலை தானாக வரும்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நானும் அதைச் செய்து பார்த்தவள்தான். வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் வருவது சுதந்திரம் அல்ல, மலை. ஒரு ஆள் கூட இருக்க வேண்டும். அந்த ஆள் வரைந்து காட்டக் கூடாது. கேட்க வேண்டும், பிறகு பொறுத்திருக்க வேண்டும். வரையத் தெரிந்த ஆசிரியருக்கு இது மிகவும் கஷ்டம், கை சும்மா இருக்காது.

ஒருநாள் பள்ளி வேலியோரம் நிற்கும் பூவரசில் ஆளுக்கு ஓர் இலை பறித்து வரச் சொன்னேன். பீப்பி ஊதத்தான் என்று நினைத்து ஓடினார்கள். வந்ததும் வரையச் சொன்னேன். கையில் பூவரச இலையை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் மாவிலை மாதிரி ஒன்றை வரைந்தார்கள்! நீளமாக, இரண்டு பக்கமும் கூராக, நடுவில் நரம்பு. பாடப்புத்தகத்து இலை. சரி என்று கண்ணை மூடச் சொன்னேன். காம்பில் தொடங்கி ஆள்காட்டி விரலால் இலையின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னேன். “காம்புகிட்டே உள்ளே போகிறது டீச்சர்” என்றது ஒன்று. “பூச்சி கடித்த இடம் இருக்கிறது” என்றது இன்னொன்று. நரம்புகளை எண்ணினார்கள், சண்டை போட்டார்கள். மறுபடி வரைந்தபோது பாதிப் பேருடைய இலை அகலமாகி, காம்பருகே உள்வாங்கி இருந்தது. ஒரு பெண் இலையை விட்டுவிட்டுப் பூச்சி கடித்த ஓட்டைகளை மட்டும் ஒன்பது வரைந்திருந்தாள். அதற்குப் போட்ட ‘நன்று’ பார்த்துப் போட்டது.

முப்பது நிமிடமும் ஒரு மரமும்தான் செலவு. ஆனால் அந்த முப்பது நிமிடம் நான் வேறு எந்த வகுப்பையும் கவனிக்கவில்லை. தலைமையாசிரியர் அன்று பள்ளியில் இருந்ததால் நடந்தது. இல்லையென்றால் மீண்டும் ‘சத்தம் வரக் கூடாது’தான்.

பிள்ளைகளோடு கூட இருக்க வேண்டிய அந்த ஆள் எங்கே என்று தேடினால், சட்டத்திலேயே இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. ஒன்று முதல் ஐந்துக்கு அப்படி ஒரு வரி கிடையாது. தலையை எண்ணி, 60 வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று என்று போகிறது கணக்கு. அந்த மேல்வகுப்புப் பயிற்றுநர்களின் நிலையும் தெரிந்ததுதான். 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று 16,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்த படங்களை இதே முகநூலில்தான் பார்த்தோம்.

அவர்களுக்கு நிரந்தரப் பணி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. என் வழக்கு வேறு. ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அதற்கு 11 வயது. ‘எனக்குப் படம் வராது’ என்று அது ஏற்கெனவே முடிவு கட்டியிருக்கும். பந்தி முடிந்த பிறகு இலை போடுகிறோம். வாரம் ஓர் அரை நாள் போதும், அந்த ஓவிய ஆசிரியர் சுற்றுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு வரட்டும். வரைந்து காட்ட அல்ல, பிள்ளைகளோடு உட்கார. மாதம் ஒருமுறை எங்களுக்கும் சொல்லித்தரட்டும், எப்போது கையைக் கட்டிக்கொள்வது என்று.

பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டம் பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பள்ளியில் எதை எப்படிச் சொல்லித்தருவது என்ற மொத்த ஏற்பாட்டுக்கும் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே கலைத்திட்டம். பெயரில் இருக்கும் கலை கால அட்டவணைக்கு வருவதற்குள் கணக்காகிவிடுகிறது. அதுவும் ஆண்டுத் தேர்வு நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

என் ஓவிய ஆசிரியரையும் சொல்லாமல் விடக் கூடாது. உயர்நிலைப் பள்ளியில் ‘டிராயிங் மாஸ்டர்’. ஓவியத்துக்கான அரசுத் தேர்வுகளில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவர். ஸ்கேல் இல்லாமல் ஒரே இழுப்பில் பூச்சாடியின் இடப்பக்கம், அடுத்த இழுப்பில் அச்சு அசலாக வலப்பக்கம். நாங்கள் வாயைப் பிளந்து பார்ப்போம். இந்த வகைக் கல்வி பழையது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி, கைவினைக்கும் தொழிலுக்கும் ஆள் தயாரிக்கும் நோக்கத்தோடு வளர்ந்தது. கோடு பிசகாமல் கை ஓடுவதே அந்தக் கல்விக்குப் பெரிய குணம். 14 வயதுக்கு அது நல்ல பயிற்சி என்றே இன்றும் சொல்வேன். ஆறு வயதின் நோட்டில் அதே அளவுகோலை வைத்ததுதான் கோளாறு. என் சிவப்பு ஆடு அந்தப் பூச்சாடியின் வாரிசு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குக் கிரையானும், மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் கொடுக்கிறது. நல்ல விஷயம். சில பிள்ளைகள் கடையில் வாங்கிய பெரிய பெட்டியும் கொண்டுவரும். அதில் வெளிறிய ஆரஞ்சாக ஒரு குச்சி இருக்கும், பிள்ளைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கின் கலர்’. முகம் என்றாலே அதைத்தான் கடன் வாங்குவார்கள். வகுப்பில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை, என்னுடையதும் இல்லை. போன வருடம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவை அந்தக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர், எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா இந்த நிறமா பாப்பா?” என்று கேட்டேன். ஒரு பாடத்துக்குத் தயாராகத்தான் கேட்டேன், கறுப்பும் அழகு என்றெல்லாம் சொல்ல. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “படத்தில் அம்மா வேலைக்குப் போகவில்லை டீச்சர். வீட்டிலேயே இருக்கிறார்கள். வெயில் இல்லை.”

பாடத்தை விழுங்கிக்கொண்டேன். எது சரி என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது, அது மட்டும் தெரியும்.

போட்டிகளைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒருவன் மேடைக்குப் போகிறான், மற்ற முப்பது பேர் கை தட்டுகிறார்கள். அந்த ஒருவனுக்கு நல்லது. நான் கேட்பது கை தட்டுகிறவர்களுக்கு.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம், கையில் சாக்பீஸ். எழுதுவதற்காக வந்த பலகை அது. என்னைக் கேட்டால் ஓவியத்துக்கு அதைவிட நல்ல இடம் இதுவரை எங்கள் பள்ளிக்கு வரவில்லை. நோட்டில் விரல் மட்டும்தான் வரையும், சுவரில் தோளிலிருந்து கை முழுதும் வரையும். அழித்துவிடலாம் என்பதால் பயமும் இல்லை. அந்தக் கற்றல் முறை போனது, பலகைமேல் சார்ட் ஒட்டினோம், பீரோவைத் தள்ளினோம். கறுப்பு உதிர்ந்து சிமென்ட் தெரிந்தது.

இந்த ஜூன் மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி, பீரோவை நகர்த்தி, ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் மீண்டும் கறுப்பு பூசினோம். பெயின்டர் அண்ணன் கூலி வாங்கவில்லை, அவர் பேத்தி எங்களிடம்தான் படிக்கிறாள். இரண்டு நாள் காய வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை கதவைத் திறந்து வகுப்புக்குள் விட்டுவிட்டு, பதிவேட்டை எடுத்து வருவதற்குள் மூலையில் ஈரத்தைக் கீறி ஏதோ ஒன்று நிற்கிறது. நான்கு கால், ஒரே வரிசையில். ஆடா நாயா என்று சொல்ல முடியவில்லை. யார் வேலை இது என்று கேட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள்.