தங்கம் வாங்கியும் அழுத ரெய்னா

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) எங்கே என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். 2015-இல் கியோட்டோ அனிமேஷன் எடுத்த ‘சவுண்ட்! யூஃபோனியம்’ பாருங்கள். ஜப்பானின் ஊஜி நகரத்துப் பள்ளி ஒன்றின் பேண்டு குழுதான் கதை. அடிதடி கிடையாது. ஆனால் தொடக்கத்திலேயே மனசைப் பிசைந்துவிடும். ஜப்பானிய பேண்டு போட்டிகளில் பல குழுக்களுக்குத் தங்கப் பரிசு கிடைக்கும், அடுத்த சுற்றுக்குப் போவதோ சிலர்தான். தங்கம் வாங்கியும் மேலே போக முடியாமல், பேண்டில் வாசிக்கும் ரெய்னா என்ற மாணவி அழுகிறாள். ‘நிஜமாவே ஜெயிப்போம்னு நினைச்சியா?’ என்கிற மாதிரி, கூட வாசிக்கும் கதாநாயகி குமிகோ வாய்தவறிக் கேட்டுவிடுகிறாள். அப்புறம் அதே குமிகோ 12ஆம் பகுதியில், இன்னும் நன்றாக வாசிக்க வேண்டும் என்று அழுதுகொண்டே ஊஜி பாலத்தில் ஓடுவாள். என் மகள் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். (நானும்தான்!)