ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை மொரீசியஸின் மச்சாபே காட்டில் எடுத்த அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் நான் கத்துவது மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் குழு படம் எடுப்பதற்காக வெள்ளைக்கண்ணிப் பறவையின் குரலை ஸ்பீக்கரில் திரும்பத் திரும்ப ஓடவிட்டதும், "போதும் தம்பி, கூடு பக்கத்தில் இருக்கலாம்" என்று நான் மெதுவாகச் சொன்னதும் அதில் இல்லை.

அந்தப் பறவையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டைவிரல் அளவு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி, ஸ்பீக்கர் இருந்த பக்கமே கத்திக்கொண்டிருந்தது. தன் இடத்துக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று அது நம்புகிறது. நீங்களோ அது போஸ் கொடுப்பதாகச் சொல்லி மகிழ்கிறீர்கள். இது முட்டையிடும் காலம். தாய் தகப்பன் கூட்டை விட்டு இப்படி வெளியே நின்றால் எலிக்கும் குரங்குக்கும் கொண்டாட்டம்தான். மொரீசியஸை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை இது. ஒரு படத்துக்காக இதை அலைக்கழிக்காதீர்கள். ஸ்பீக்கரை அணையுங்கள்.

"ஆராய்ச்சி செய்பவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, செய்கிறார்கள். கணக்கெடுக்க, அனுமதி வாங்கி, அளவோடு செய்கிறார்கள். பதில் குரல் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை போட்டதால் பறவை செத்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு குழுவும் அதே மரத்தடியில் "ஒரே ஒரு தடவை" என்றால்? காவடிக்கு மேளம் அடிக்கும்போது எங்கே போனாய் என்று கேட்டவருக்கு: காவடி சாலையில் போகிறது, கூட்டுக்குள் அல்ல.

"உன் அப்பன் வீட்டுக் காடா?" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு என் சொந்தக்காரர்களே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

என் அப்பா கரும்புத் தோட்டத்துக் கூலி. சீனக் கொய்யா பழுக்கும் காலத்தில் எங்களை பிளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலத்துக்குக் கூட்டிப்போவார். அந்தக் கொய்யாவே காட்டை நெரிக்கும் வந்தேறிச் செடி என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த கதை. ஒருநாள் வாய் நிறையப் பழத்தோடு நாங்கள் கூச்சல் போட, அப்பா சட்டென்று கையை உயர்த்தினார். தாழ்ந்த கிளையில் இளஞ்சிவப்புப் புறா ஒன்று. அது பறக்கும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர் அவர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

1974இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்த மொரீசியஸ் வல்லூறு மொத்தம் நான்கே நான்கு. 1990களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புப் புறா காட்டில் பத்து அளவுக்குக் குறைந்துவிட்டது. முட்டையைக் குஞ்சாக்கி, தீனி வைத்து, எலி பிடித்து, வருடக்கணக்காக ஆட்கள் உழைத்துத்தான் இன்று நாம் போய் அவற்றை அண்ணாந்து பார்க்கிறோம். அந்த உழைப்பை எல்லாம் பார்த்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு நடந்திருக்க வேண்டுமா?

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். குரலை உயர்த்தினேன், உண்மை. ஆனால் கேட்க மாட்டேன். முழு வீடியோவைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

வருகிற ஞாயிறு விடிகாலையில் காட்டின் பெட்ரின் வாசலில் இருப்பேன். என்னைத் திட்டியவர்களும் வரலாம். ஸ்பீக்கர் மட்டும் காரிலேயே இருக்கட்டும்.