ஆண்டு அனுபவித்தது யார்?

அப்பாயியின் படத்திறப்பில் மைக்கைப் பிடித்து ஒருவர் பேசியதை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை. ஒரே ஒரு வரிதான் இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. "95 வயசு. ஆண்டு அனுபவிச்சுப் போன மகராசி. கல்யாணச் சாவு. யாரும் அழக் கூடாது." முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். அப்படியென்றால் அது எனக்குச் சொன்னது.

பதினாறு நாளும் இதேதான். துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் "வயசு என்ன?" என்பார்கள். 95 என்றதும் முகம் லேசாகிவிடும். அப்புறம் காபி, பஸ் நேரம், யார் வீட்டில் என்ன விசேஷம்.

சரி, ஆண்டது என்கிறீர்களே, எதை ஆண்டது?

வேதாரண்யத்துக்கு ராஜாஜி உப்பெடுக்க வந்தபோது தான் தன் அம்மா வயிற்றில் இருந்ததாக அப்பாயி சொல்லும். அந்தக் கணக்கில் பிறந்தது 1930. ஆதாரில் பத்து வயசு குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அதைத் திருத்தக்கூட யாருக்கும் நேரமில்லை. 1956 சட்டம் பெண்பிள்ளைக்கும் அப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று சொன்ன பிறகுதான் அதன் அப்பா இறந்தார். அண்ணன்மார், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தோடு வந்தார்கள், கைநாட்டு வைத்தது. "கட்டைவிரல் மை போகவே இல்லடி, புளி போட்டுத் தேய்ச்சேன்" என்று என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறது. சொல்லும்போதும் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

புகுந்த வீட்டிலாவது ஆண்டதா? 1977 புயலுக்கு அப்புறம் கொல்லையில் தென்னங்கன்று வைத்தது அப்பாயி. குட்டையிலிருந்து இடுப்புக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது அப்பாயி. விடியும் முன் முல்லை பறித்துவிட்டு வந்து மறுபடி தண்ணீர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் காலை, 88 வயசில், விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே நடந்து போய் ஒவ்வொன்றையும் தொட்டது. "இது உங்கப்பன் பத்தாவது படிக்கிறப்ப வச்சது, இது உங்க அத்தைக்குத் தலைப்பிள்ளை பொறந்தப்ப வச்சது." எனக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தது. பட்டா யார் பேரில் இருந்ததோ அவர் கணக்குக்குப் போனது. அப்பாயி பேரில் ஒரு மரம்கூட இல்லை.

"அவர் நல்ல மனசோடதான் சொன்னார், நீ ஏன் பெரிசுபடுத்துற?" என்பீர்கள். நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல மனசு ஒரு பொம்பளை 95 வருஷம் பாடுபட்டதை "அனுபவிச்சது" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறது. மூடினால் யாருக்கு நிம்மதி? அனுபவித்தவர்களுக்கு.

"அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் அப்படித்தான்" என்று அத்தை மகன் போனில் சொன்னான். அதற்கு என்ன பதில் சொல்வது? எல்லார் வீட்டிலும் திருடினால் அது திருட்டில்லை என்று ஆகிவிடுமா? அவனோடு இதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்று பின்னால் பேசுகிறார்கள், அதுவும் காதுக்கு வந்தது. "சென்னையில உக்காந்து எழுதுறா, கடைசி ரெண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளினது யாரு?" பெரியம்மா அள்ளினார். நான் அள்ளவில்லை. மாதம் ஒரு தடவை வந்து பக்கத்தில் படுத்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான். போன ஆடியில் "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்று கையைப் பிடித்தது. லீவு இல்லை என்று விரலை விலக்கிவிட்டு பஸ் ஏறினேன். அதற்கு என்னை யார் வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அழாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். வயசைக் காட்டி அழாதே என்று சொல்லவே சொல்லாதீர்கள். எனக்கு இத்தனை வயசாகிறது, அத்தனை வருஷமும் அப்பாயி இருந்தது. இல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமே இல்லை.

அனுபவித்தது என்று ஒன்று உண்டென்றால் அது எனக்குத் தெரியும். 2006இல் நம் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது. 76 வயசில் மண்வெட்டி தூக்கிக்கொண்டு கிளம்பியது. மகன்கள் கௌரவக் குறைச்சல் என்று கத்தினார்கள். "என் பேர்ல அட்டை குடுத்திருக்கான், நான் போவேன்" என்றது. நாளுக்கு 80 ரூபாய். முதல் கூலியில் எனக்கு ஒரு பேனாவும் தனக்கு ஒரு வெற்றிலைப் பெட்டியும் வாங்கியது. அன்றைக்கு அது சிரித்த மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்த அட்டை கிடைத்தது. துணிக்கடைப் பையில் சுற்றி, விபூதிப் பொட்டலத்தோடு, புடவைகளுக்கு அடியில். நாலு ஓரமும் மடங்கி, படத்தில் முகம் பாதி அழிந்திருந்தது, பேர் மட்டும் தெரிந்தது. சித்தப்பா பார்த்துவிட்டு, "அது இனி எதுக்கும்மா, குப்பையில போடு" என்றார்.

போடவில்லை. என் கைப்பையில் இருக்கிறது.