நிஃப்டிக்கு எந்த லக்னம்?

கொஞ்ச காலமாக என் வாட்ஸாப்புக்கு வரும் படங்கள் மாறிவிட்டன. முன்பு பன்னிரண்டு ராசிக்கும் குருப்பெயர்ச்சி பலன் வரும். இப்போது அதே குருவும் சனியும் நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீட்டின் சார்ட் மேல் கலர் கலராகக் கோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று எங்கள் வடசென்னைப் பக்கத்தில் டீக்கடையில் நின்றால் கால், புட் (விலை ஏறும், இறங்கும் என்று பணம் கட்டுகிற ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. நான் வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அந்தப் பேச்செல்லாம் வருஷக் கடைசியில் லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டாக என் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

ஜோதிடத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. வீட்டு விசேஷத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற குடும்பம்தான் எங்களுடையது. என் சண்டை இந்தக் கோடுகளோடு. இது ஜோதிடமும் இல்லை, கணக்கும் இல்லை. எப்போதும் தோற்காதபடி கட்டி வைத்த ஒரு ஏற்பாடு.

எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கத்துத் தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் உட்கார வைத்துக் காட்டினார். ஒரு கிரகம் ராசிச் சக்கரத்தில் எத்தனையாவது பாகையில் நிற்கிறதோ, அதை அப்படியே விலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சுக்கிரன் 100 பாகையில் இருந்தால் விலை 100. நிஃப்டி அங்கே இல்லையே? ஒரு சுற்றுக்கு 360 பாகை, எனவே 360 360 ஆகக் கூட்டிக்கொண்டே போகலாம். 69 சுற்று கூட்டினால் 24,940. அதுதான் அன்றைய சுக்கிரன் கோடு. அமெரிக்காவின் டபிள்யூ. டி. கான் (1878-1955) என்ற பங்கு வணிகரின் பெயரைச் சொல்லி இந்த வித்தை உலகம் முழுக்க ஓடுகிறது. தம்பி போனை என் பக்கம் திருப்பினார். "பாருண்ணா, கரெக்டா சுக்கிரன் லைன்ல முட்டிட்டு எறங்கிச்சு." உண்மைதான், முட்டி இறங்கியிருந்தது.

அப்புறம் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிரகத்துக்கும் 360 புள்ளிக்கு ஒரு கோடு. ஒன்பது கிரகம் என்றால் சராசரியாக 40 புள்ளிக்கு ஒன்று. அதோடு விடமாட்டார்கள், 90, 180, 270 பாகைக்கும் கோடு உண்டு. ஆக 36. ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரே நிற்பவர்கள், அவர்களுடைய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதைக் கழித்தால் 32. கிட்டத்தட்ட பதினோரு புள்ளிக்கு ஒரு கோடு! நிஃப்டி சும்மா இருக்கிற நாளிலேயே நூறு புள்ளி ஏறி இறங்கும். அது எங்கே திரும்பினாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு கிரகம் நின்றுகொண்டிருக்கும். தீபாவளி நேரத்து எங்கள் எம்.சி. ரோட்டுக் கடைவீதிக் கூட்டத்தில் திரும்பினால் யார் மேலாவது இடிக்கத்தான் செய்யும். அதற்காக அந்த ஆளுக்கும் நமக்கும் ஜாதகப் பொருத்தம் என்றா சொல்வோம்?

சந்தைக்கே ஜாதகம் கணிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிறந்த நேரம் எது? தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இயில் பங்கு வர்த்தகம் தொடங்கியது 1994 நவம்பர் 3. நிஃப்டிக்கு 1000 என்று அடிப்படை வைத்த தேதி 1995 நவம்பர் 3. குறியீடு வெளியானது 1996 ஏப்ரல் 22. இதெல்லாம் வேண்டாம் என்று 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, ரிஷப லக்னம், லக்னத்தில் ராகு என்று நாட்டின் ஜாதகத்தையே விரிப்பவர்களும் உண்டு. ஒன்று பலிக்கவில்லையா, அடுத்ததை எடு.

சனிப்பெயர்ச்சியையே பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6, திருநள்ளாறில் இதுதான் கணக்கு. அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பில் 2025 ஏப்ரல் 7 அன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் விழுந்தபோது, "சனி மீனத்துக்குப் போனதும் வேலையைக் காட்டிட்டார்" என்று படம் வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சந்தை விழுந்ததை மீட்டுக்கொண்டது. சனி மீனத்திலேயேதான் இருந்தார். அதற்குப் படம் வரவில்லை. 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக் கணிப்பை நம்பி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது, மறுநாள் ஓட்டு எண்ணும்போது 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரே ராத்திரியில் வானத்தில் என்ன மாறியது? சந்திரன் வழக்கம்போல ஒரு நாள் தூரம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது எக்ஸ்பைரி, அதாவது ஆப்ஷன் ஒப்பந்தம் முடிகிற நாளின் கதை. நிஃப்டியின் வாராந்திர எக்ஸ்பைரி வியாழக்கிழமையாக இருந்தவரை, மதியத்துக்கு மேல் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) ஆடுகிற ஆட்டத்துக்கு வியாழன் ராகுகாலம், ஒன்றரை முதல் மூன்று, காரணம் என்றார்கள். 2025 செப்டம்பரில் எக்ஸ்பைரியைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். ஆட்டமும் கூடவே செவ்வாய்க்கு வந்துவிட்டது. செவ்வாயில் ராகுகாலம் மூன்று மணிக்குத்தான் தொடங்கும், மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும். ராகுவுக்கும் என்எஸ்இ சுற்றறிக்கை போகிறது போலிருக்கிறது.

"சந்திரன் கடலையே இழுக்குது, மனுஷன் மனசை இழுக்காதாண்ணா?" என்று தம்பி கேட்டார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற நியாயமான கேள்விதான். அமாவாசை, பௌர்ணமியில் நம் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். அடுத்த வருஷத்துக்கான அட்டவணையை இன்றைக்கே மணி நிமிஷத்தோடு அச்சடிக்கலாம், யார் வேண்டுமானாலும் கரையில் நின்று சரிபார்க்கலாம். அட்டவணை வந்துவிட்டதே என்று கடல் முன்கூட்டியே உள்வாங்காது. ஆனால் செவ்வாய் இரண்டு மணிக்கு விலை விழும் என்று ஊருக்கே தெரிந்தால், ஒன்றே முக்காலுக்கே எல்லோரும் விற்றுவிடுவார்கள். இரண்டு மணிக்கு விழ என்ன மிச்சம் இருக்கும்?

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 48 நாட்டுச் சந்தைகளை எடுத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பௌர்ணமியை ஒட்டிய நாட்களைவிட அமாவாசையை ஒட்டிய நாட்களில் வருமானம் கூடுதல், வித்தியாசம் ஆண்டுக் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் என்று வந்தது. நிறைந்த அமாவாசை என்று சொல்கிற நமக்குச் சந்தோஷமான செய்தி, அமாவாசையில் எதையும் தொடங்காத வடக்கத்திக்காரர்களுக்குத்தான் சங்கடம். ஆனால் அது பல நாடு, பல வருஷச் சராசரி. நாளைக் காலை 10.20க்கு எந்த ஆப்ஷனை வாங்குவது என்று அது சொல்லாது.

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கு இது: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், செலவும் சேர்த்துத் தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதில் கோடு போட்டவர்களும் இருப்பார்கள், போடாதவர்களும் இருப்பார்கள். கோடு விற்றவர்களுக்குச் சந்தா வந்துகொண்டுதான் இருக்கும். எதை வாங்கு, எதை விற்றுவிடு என்று காசு வாங்கிக்கொண்டு சொல்ல செபி பதிவு வேண்டும். பதிவு எண் கேட்டால், "நாங்க கல்விதான் தர்றோம்" என்பார்கள். கல்வி என்ற பெயரில் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. குரூப்பில் இன்றைய சார்ட் ஓடினால் அது என்ன கல்வி? இன்னொன்று, டெலிகிராமில் போட்டதைத் திருத்தலாம், அழிக்கலாம். காலையில் போடும் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துச் சாயங்காலம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். மீன் வியாபாரத்தை ஒட்டிய தொழில் செய்கிற ஒருவர், வீட்டம்மா கட்டிய சீட்டுப் பணத்தையும் இதில் விட்டுவிட்டு வந்தார். குரூப் நடத்துகிறவரிடம் கேட்டிருக்கிறார். சார்ட்டில் தப்பில்லை, உங்களுக்குச் சிம்ம ராசி, அஷ்டமச் சனி, உங்கள் ஜாதகத்துக்குப் பணம் நிற்காது என்று பதில். பரிகார பூஜைக்குத் தனியாகப் பணம். ஆக, ஜெயித்தால் அவருடைய கோடு, தோற்றால் இவருடைய தலையெழுத்து. குரூப்பில் ஆள் சேர்க்கும்போது மட்டும் ராசி கேட்கவில்லை.

என் எதிரே உட்கார்ந்து அவர் கேட்டது, "சார், பூஜைக்குக் கட்டின பணத்தைச் செலவுல காட்ட முடியுமா?" முடியாது என்றேன். எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டக் கணக்கில் வரும், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருஷம் வரை எடுத்துச் சென்று பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். குரூப் சந்தாவுக்கு பில் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றும் சொன்னேன். பில் எதுவும் தரவில்லையாம்.