பெயர் இல்லாத பட்டன்கள்
நான் பயன்படுத்தும் குறிப்பெழுதும் செயலியை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லி முகப்பை மாற்றிய நாள் முதல், பார்வையற்ற நான் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக்கின் துணையோடு மேல்வரிசையைத் தடவிக்கொண்டு போனால், "பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்ற ஒரே பாட்டுத்தான் காதில் விழுகிறது. எது சேமிக்கும், எது அழிக்கும் என்பதை அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்! ஆண்ட்ராய்டில் ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க நிரலில் பெரும்பாலும் ஒரு வரி போதும்; கண்ணுக்குத் தெரியும் படத்துக்கு ஈடான எழுத்தைத் தர வேண்டும் என்பது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இலேயே வெளியிட்ட இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் முதலாவது. இவ்வளவையும் விளக்கிப் புகார் எழுதினால், சிக்கல் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புமாறு பதில் வருகிறது. அனுப்பினாலும், படத்தில் எல்லாப் பட்டன்களும் பளிச்சென்று தெரிகின்றனவே என்றுதான் சொல்வார்கள்.