தெரேசியன்ஷ்டாட் ‘சொகுசு முகாம்’ என்பது பொய்

யூதக் குழந்தைகள் மேடையில் நின்று ஓபரா எனும் இசை நாடகத்தைப் பாடும் கறுப்பு வெள்ளைக் காட்சி ஒன்று சுற்றி வருகிறது. “நாஜி முகாமில் ஓபரா, கால்பந்து எல்லாம் இருந்தது, இனப்படுகொலை கட்டுக்கதை” என்று கூடவே ஒரு வரி.

காட்சி அசல்தான், கதைதான் பொய். அது இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசியன்ஷ்டாட் முகாமில் 1944இல் நாஜிகளே எடுக்கவைத்த பிரச்சாரப் படம். அந்த ஆண்டு ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தார்கள். அதற்காக வீடுகளுக்கு வண்ணம் அடித்தார்கள். நெரிசல் தெரியக் கூடாதென்று மே மாதத்தில் மட்டும் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். படத்தை இயக்கவைக்கப்பட்ட குர்ட் கெரோன், அந்த ஓபராவின் இசையமைப்பாளர் ஹான்ஸ் கிராசா இருவரும் யூதக் கைதிகள். அதே ஆண்டு அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள்.

‘புருண்டிபார்’ என்ற அந்த ஓபரா அங்கே 55 முறை மேடையேறியது. நடித்த பிள்ளைகள் ரயிலேற்றப்பட, புதுப் பிள்ளைகளைப் பழக்க வேண்டியிருந்தது. சொகுசு!

சரி, முகாமில் கலை இருந்ததா? இருந்தது. பகலில் அதிகாரிகளுக்காக வரைந்த பெட்ரிச் ஃப்ரிட்டா, ரகசியமாகப் பட்டினியையும் நெரிசலையும் வரைந்தார். பிடிபட்டு, 1944 நவம்பரில் ஆஷ்விட்சில் இறந்தார். தகரப் பெட்டியில் போட்டு மண்ணில் புதைத்த அவருடைய ஓவியங்கள் போருக்குப் பின் கிடைத்தன.

பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஃபிரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ், படத்தில் பெயரையும் எழுதச் சொல்வாராம். அவரும் ஆஷ்விட்சின் ஒரு பகுதியான பிர்கெனாவில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் தப்பிய சுமார் 4,500 படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.