ஆறு மாதத்தில் பி.பி.எட்.? அந்த ஃபார்வர்டு தவறு

"எந்த டிகிரி இருந்தாலும் போதும். வீட்டிலிருந்தே 6 மாதத்தில் பி.பி.எட்., முடித்ததும் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைப்படி பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியராவதற்கான பட்டப்படிப்பு) இரண்டு ஆண்டுப் படிப்பு. நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். முன்பு இது ஓராண்டாக இருந்தது. ஆனால் 6 மாதம், அதுவும் தபாலில், என்பதற்கு இடமே இல்லை. தடகளப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, விசிலோடு நின்று ஒரு வகுப்பையே பயிற்சி செய்ய வைப்பது, பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருப்பது, இதையெல்லாம் பிடிஎஃப் பார்த்து எப்படிப் படிப்பது?

"எந்த டிகிரியும்" என்பதில் மட்டும் பாதி உண்மை. பிற பாடப் பட்டதாரிகளும் சேரலாம்தான். ஆனால் மதிப்பெண் வரம்பு உண்டு, போட்டிகளில் கலந்துகொண்ட சான்றிதழும் தேவை. சேர்க்கையில் விளையாட்டுத் திறனையும் சோதிப்பார்கள்.

சரி, படித்ததும் வேலையா? அதுவும் இல்லை. அரசுப் பள்ளி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடும். போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை என்.சி.டி.இ. இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கலாம். அதற்கு முன் யாருக்கும் 'முன்பதிவுக் கட்டணம்' அனுப்பாதீர்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு பகிராதீர்கள்.